எல்லாருக்கும் 25: குரூப் புராஜெக்ட்டில் சகமாணவர் மதிப்பீடு, சில ஆண்டு அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "குரூப் புராஜெக்ட்டில் யார் உழைத்தார்கள், யார் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள் என்று பிரித்து மார்க் போட, நீ வைத்திருக்கும் முறை சரிப்பட்டு வருமா?" போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்-பிஏ (குழுவினரே ஒருவரையொருவர் மதிப்பிடும் இணையவழி முறை) என்பதன் கணக்கைச் சுருக்கி, கூகுள் ஃபார்மிலும் ஷீட்டிலும் ஓட்டுகிறேன். ஒவ்வொருவரும் தன்னையும் சேர்த்துக் குழுவினருக்கு 100 புள்ளியைப் பங்கிட வேண்டும். நாலு பேரில் மூவர் உழைத்து ஒருவர் ஒதுங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூவரும் 30, 30, 30, 10 என்று போடுகிறார்கள். ஒதுங்கியவர் எல்லாருக்கும் 25 போடுகிறார். கூட்டினால் உழைத்தவருக்கு 115, ஒதுங்கியவருக்கு 55. குழு மார்க் 80 என்றால் பாதியை அப்படியே கொடுத்து, மீதிப் பாதியை உழைத்தவருக்கு 115/100 ஆலும் ஒதுங்கியவருக்கு 55/100 ஆலும் பெருக்க வேண்டும். முன்னவருக்கு 86, பின்னவருக்கு 62. நியாயமான கணக்கு, இப்போதும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஷீட்டைத் திறந்தால் 25, 25, 25, 25. அடுத்த குழுவும் அப்படியே. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே பேசி வைத்துக்கொள்கிறார்கள். யார் என்ன போட்டார்கள் என்று வெளியே தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் இதே கதைதான். ஒரே டவுன் பஸ், ஒரே தெரு, பாதிப் பேர் ஏதோ ஒரு வழியில் உறவு. "மேடம், அவனுக்குக் குறைச்சுப் போட்டா நாளைக்கு எப்படி முகத்துல முழிக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது சரிதான். மார்க் பட்டியலைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்துவிடும். படிப்பு முடியும்வரை அவள் அவனோடு அதே பஸ்ஸில் வர வேண்டும். அது புரிகிறது. இருந்தும் எரிச்சல் அடங்கவில்லை, ஏனென்றால் இந்த 25-ஆல் நஷ்டப்படுவது எப்போதும் ராத்திரி கண்விழித்து வேலை செய்த பிள்ளைதான்.

கூகுள் டாக்ஸில் யார் எதை எழுதினார் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்தால் போதுமே என்பார்கள். பார்த்தேன். ரிப்போர்ட் முழுக்க ஒரே நிறம், ஒரே பெயர்: குழுவில் லேப்டாப் வைத்திருக்கும் பையன். மற்றவர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை எல்லாம் அவன் எடுத்து ஒட்டியிருந்தான். யார் டைப் அடித்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது.

நான் எதிர்பார்க்காத நன்மை வேறு இடத்தில் வந்தது. ஃபார்மின் கடைசியில் ஒரு பெட்டி வைத்திருந்தேன்: "குழுவில் மற்ற ஒவ்வொருவரும் செய்த ஒரு வேலையை எழுதவும்." சம்பா அறுவடை சமயத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விவசாயிகள் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று ஒரு குழு சர்வே எடுத்தது. புள்ளி வழக்கம்போல 25. பெட்டியில் மட்டும் மூன்று பேர் தனித்தனியாக ஒரே பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று நெல்லை எடுக்காமல் நிறுத்திவைத்த இடம் அது. கோபத்தில் இருந்தவர்கள் யாரும் இவர்களோடு பேசவில்லை. இவள் ஒரு பாட்டியோடு சேர்ந்து, காயப்போட்டிருந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அப்புறம்தான் மற்றவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அவள் டைப் அடித்தது ஒரு வரிகூட இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கூப்பிட்டுக் கேட்டேன். எங்கே சாக்கு வரவில்லை, எங்கே தார்ப்பாய் போதவில்லை, யார் டோக்கன் வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று தாளைப் பார்க்காமலே சொன்னாள். அந்தப் பெட்டி இல்லையென்றால் அவளும் ஒரு 25-ஆகப் போயிருப்பாள்.

கணக்கை மட்டும் பார்த்தால் முறை நல்லது, தாராளமாக எடுத்துக்கொள் என்று தோழியிடம் சொல்லலாம். ஆனாலும் வரும் செமஸ்டரில் புள்ளிக் கட்டத்தையே நான் தூக்கிவிடப் போகிறேன். பெட்டியும் ஆளுக்குப் பத்து நிமிஷ வைவாவும் போதும். அறுபது பேர் வகுப்புக்கு அது பத்து மணி நேரம், பரவாயில்லை. பெருக்கல் கணக்கு எங்கே என்று இன்டர்னல் மார்க் சரிபார்ப்பவர்கள் கேட்டால், பிள்ளைகள் எழுதியதையே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். தோழி, உன் வகுப்பில் இருபது பேர்தான் என்றாயே, நீ ஃபார்மே போடாதே. நேரே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசு.