பீனட் பட்டர் பிஸ்கட் அடுக்கு: புட்டிங்கா, க்ரீம் சீஸா, வெறும் க்ரீமா?

பேக் செய்யாத பீனட் பட்டர் இனிப்பு என்று தேடினால் குறிப்புகள் கொட்டும். பெயரையும் மேலே தூவும் அலங்காரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வழிக்குள் அடங்கிவிடும். ஒன்று, இன்ஸ்டன்ட் புட்டிங் பொடியும் கூல் விப்பும் (அடித்த க்ரீமுக்குப் பதிலாக ஃப்ரீசரில் உறைந்தபடி டப்பாவில் விற்பது). இரண்டு, க்ரீம் சீஸும் அடித்த க்ரீமும். மூன்று, வெறும் க்ரீமையும் பிஸ்கட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி ஃப்ரிட்ஜில் விட்டுவிடுவது. அமெரிக்கர்கள் ஐஸ்பாக்ஸ் கேக் என்பது இதைத்தான். மூன்றிலும் கீழே பிஸ்கட், நடுவே பீனட் பட்டர் கலவை, மறுபடி பிஸ்கட், மேலே சாக்லேட், ஓவன் பக்கமே போக வேண்டாம். நான் க்ரீம் சீஸ் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டும் சும்மா இல்லை, எந்த இடத்தில் எது என்று தெரிந்தால் போதும்.

அளவெல்லாம் 13க்கு 9 அங்குலக் கண்ணாடித் தட்டுக்குச் சொல்கிறேன். 15 பேருக்குத் தாராளமாக வரும். பாதி போதும் என்றால் 8 அங்குலச் சதுரத் தட்டு.

புட்டிங் வழிக்கு 3.4 அவுன்ஸ் வெனிலா இன்ஸ்டன்ட் புட்டிங் பெட்டி 2, குளிர்ந்த பால் 3 கப், பீனட் பட்டர் 1 கப், 8 அவுன்ஸ் கூல் விப் டப்பா 1. பெட்டிக்கு 2 கப் பால் என்று அட்டையில் போட்டிருக்கும், அந்தக் கணக்கில் 4 கப் ஊற்றினால் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் அடுக்காக நிற்காது, வெட்டினால் சரிந்துவிடும். பீனட் பட்டரை முதலில் அரை கப் பாலில் நன்றாகக் கரைத்துவிட்டு, அப்புறம் மீதிப் பாலையும் பொடியையும் சேர்த்து 2 நிமிடம் அடித்து, 5 நிமிடம் விட்டு, கூல் விப்பைப் போட்டு அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் பீனட் பட்டர் சின்னச் சின்ன உருண்டையாக நின்றுவிடும், எத்தனை அடித்தாலும் போகாது. பாதாம் பால், சோயா பால் ஊற்றி இதைச் செய்யப் பார்க்காதீர்கள். அடுப்பில் வைக்காமலே கெட்டியாவதற்குக் காரணம், பொடியில் முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய மாவுச்சத்து இருப்பதும், கூடவே இருக்கும் பாஸ்பேட் உப்புகள் மாட்டுப் பாலின் புரதத்தை இறுக்குவதும்தான். அந்தப் புரதம் செடிப்பாலில் கிடையாது, அதனால் தளதளவென்றே நிற்கும்.

இந்த வழியின் பெரிய பலம் கூல் விப். 1966இல் ஜெனரல் ஃபுட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது, உருவாக்கியவர் வில்லியம் மிட்செல் என்ற வேதியியலாளர்; டாங் பானப் பொடியும் வாயில் போட்டால் பட்பட்டென்று வெடிக்கும் பாப் ராக்ஸ் மிட்டாயும் இவர் கைவண்ணமே. ஃப்ரீசரில் கிடந்து, லாரியில் போய், வீட்டில் உருகிய பிறகும் உப்பலாக நிற்க வேண்டும் என்றே செய்த பொருள் என்பதால், பூங்காவில் மர மேஜை மேல் வைத்த தட்டிலும் புது க்ரீமைவிட அதிக நேரம் தாங்கும். வேலையும் கால் மணி நேரம்தான், செலவும் குறைவு.

பலவீனம் ருசியில். புட்டிங் பொடி இனிப்பு, கூல் விப் இனிப்பு, பிஸ்கட் இனிப்பு, கடையில் வாங்கும் பீனட் பட்டரிலும் பெரும்பாலும் சர்க்கரை உண்டு, இதற்கு மேல் சாக்லேட் வேறு. சர்க்கரைப் பொங்கல் மேல் பாயசம் ஊற்றிச் சாப்பிட்ட மாதிரி, நான்காவது கரண்டியில் திகட்டிவிடும். குழந்தைகள் இதைத்தான் விரும்புவார்கள், பெரியவர்கள் பாதித் துண்டை வைத்துவிட்டுப் போவார்கள்.

நம் ஆட்கள் கூடும் இடத்தில் அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இதுல ஜெலட்டின் கிடையாதே மாமி?” ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, புட்டிங் பெட்டியில் ஜெல்லோ என்ற பிராண்டுப் பெயரைப் பார்த்தாலே வரும் சந்தேகம் இது. அந்தப் பெயரில் வரும் ஆடும் ஜெல்லியில் ஜெலட்டின் உண்டு, அதே பெயரில் வரும் வழக்கமான இன்ஸ்டன்ட் புட்டிங் பொடி மாவுச்சத்தால் இறுகுவது. கூல் விப்பிலும் ஜெலட்டின் இல்லை, ஆனால் பால் பொருள்கள் உண்டு, அதனால் வீகன் கிடையாது. மாட்டிக்கொள்வது மேலே தூவும் மார்ஷ்மெல்லோவில்தான், அது ஜெலட்டினால் செய்தது. புட்டியில் வரும் மார்ஷ்மெல்லோ ஃப்ளஃப்பில் முட்டை வெள்ளைக்கரு. சைவம் சாப்பிடுபவர்கள் வருகிறார்கள் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள், தட்டுக்கு ஒரு குறையும் வராது.

சரி, க்ரீம் சீஸுக்கு வருவோம். 8 அவுன்ஸ் கட்டி 2, பீனட் பட்டர் 1 கப், பொடித்த சர்க்கரை ஒன்றேகால் கப், ஹெவி க்ரீம் (அடித்தால் உப்பும், கொழுப்பு மிகுந்த க்ரீம்) 2 கப், வெனிலா கொஞ்சம், உப்பு இரண்டு சிட்டிகை. உப்பை மறக்காதீர்கள். க்ரீம் சீஸை வெளியே எடுத்து வைத்து, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் தொட வேண்டும். சில்லென்று இருக்கும்போது அடித்தால் வெள்ளை வெள்ளையாகக் குருணை தங்கிவிடும், பழுப்புக் கலவையில் அது நன்றாகவே கண்ணில் படும். க்ரீமுக்கு நேர் எதிர், அதுவும் சில்லென்று இருக்க வேண்டும், அடிக்கும் பாத்திரமும் சில்லென்று இருக்க வேண்டும். சீஸ், பீனட் பட்டர், சர்க்கரை மூன்றையும் ஒரு பாத்திரத்தில் வழவழவென்று அடித்துவிட்டு, தனியாக அடித்த க்ரீமில் ஒரு கரண்டியை முதலில் அதில் கலந்து இளக்கிக்கொண்டு, மீதியை மூன்று தடவையாகப் புரட்டிச் சேர்த்தால், கலவை பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறத்துக்கு வந்து, கரண்டியைத் தூக்கினால் விழாமல் தொங்கும். அந்தப் பதம் வந்துவிட்டால் அடுக்கலாம்.

இதில் வேலை கூட, பாத்திரம் கூட, செலவும் கூட. இருந்தும் இதற்கே என் ஓட்டு என்பதற்குக் காரணம் புளிப்பு. பீனட் பட்டர் கொழுப்பும் வறுத்த வாசனையும் கலந்த கனமான பொருள், நாக்கில் ஒட்டிக்கொண்டு நகராது. அதை நகர்த்த இன்னொரு இனிப்பைக் கொண்டுவந்தால் ஆகாது, மெல்லிய புளிப்பு வேண்டும். க்ரீம் சீஸில் அது இயல்பாகவே இருக்கிறது. முதல் வாயில் பெரிய வித்தியாசம் தெரியாது, இரண்டாவது துண்டு கேட்கிறார்களா இல்லையா என்பதில்தான் தெரியும். வெட்டும்போதும் சீராக நிற்கும், ஒவ்வொரு அடுக்கும் கோடு போட்ட மாதிரி தெரியும்.

மூன்றாவது, வெறும் க்ரீம். ஐஸ்பாக்ஸ் கேக் என்பது ஃப்ரிட்ஜுக்கும் முந்தி, பனிக்கட்டி வைத்த மரப்பெட்டி வீட்டில் இருந்த காலத்துப் பெயர், 1920களில் அமெரிக்காவில் பரவலானது. நபிஸ்கோ என்ற பிஸ்கட் கம்பெனியின் மெல்லிய சாக்லேட் வேஃபரும் க்ரீமும் வைத்துச் செய்வது இதன் பழைய வடிவம், செய்முறை அந்தப் பெட்டியிலேயே அச்சாகி வந்தது. அந்த வேஃபரை 2023இல் நிறுத்திவிட்டார்கள், பலருக்கு அது பெரிய மனக்குறை. பீனட் பட்டருக்கு மாற்றிச் செய்வதென்றால் ஹெவி க்ரீம் 3 கப், பீனட் பட்டர் முக்கால் கப், பொடித்த சர்க்கரை அரை கப். கொஞ்சம் க்ரீமில் பீனட் பட்டரைக் கரைத்துக்கொண்டு மீதியை ஊற்றி அடிக்க வேண்டும். ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்திருப்பதால் சடாரென்று கெட்டியாகிவிடும், கண்ணை எடுத்தால் க்ரீம் திரிந்து வெண்ணெய் பக்கம் போய்விடும். லேசானது, எளிது, ஆனால் நீண்ட நேரம் வெளியே தாங்காது. நான்கு பேர் வீட்டுக்கு, சாப்பிட்ட கையோடு தட்டு காலியாகும் என்றால், இதுவே போதும்.

கலவையில் காட்டும் அக்கறையை பிஸ்கட்டில் யாரும் காட்டுவதில்லை, பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. க்ரீமில் உள்ள ஈரம் ராத்திரி முழுக்க பிஸ்கட்டுக்குள் இறங்கி அதைக் கேக் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் இங்கே சமையல் என்ற பெயரில் நடக்கும் ஒரே வேலை. கிரஹாம் க்ராக்கர் என்ற அமெரிக்கக் கோதுமை பிஸ்கட் மெல்லியது, 6 மணி முதல் 8 மணி நேரத்தில் முழுக்க இளகிவிடும், ஐஸ்பாக்ஸ் வழிக்கு அதுதான் சரி. (சில்வெஸ்டர் கிரஹாம் என்ற 19ஆம் நூற்றாண்டுப் போதகர் சப்பென்ற உணவே ஒழுக்கத்துக்கு நல்லது என்று ஊர் ஊராகச் சொன்னவர், அவர் பெயரில் உள்ள பிஸ்கட்டை நாம் என்ன செய்கிறோம் பாருங்கள்.) நட்டர் பட்டர் 1969இலிருந்து கிடைக்கிறது, நிலக்கடலைக் காய் வடிவத்தில், நடுவில் பீனட் பட்டர் பூசிய ஜோடி பிஸ்கட். இடுப்பு ஒடுங்கிய வடிவம் என்பதால் அடுக்கினால் இடையிடையே சந்து விழும், உடைந்த துண்டுகளை அதில் சொருகிவிடுங்கள். கெட்டியான ஜோடி பிஸ்கட், நடுவில் உள்ள கொழுப்புப் பூச்சு வழியாக ஈரம் எளிதில் போகாது, அதனால் மறுநாளும் உள்ளே ஒரு கடி மிச்சம் இருக்கும். புட்டிங் கலவை மொத்தமும் மெத்தென்று இருப்பதால் அந்தக் கடி அங்கே தேவைப்படுகிறது. க்ரீம் சீஸ் வழிக்கு என் தேர்வு ஓரியோ, பொடித்து 85 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறி அடியில் அழுத்தியது. கோகோவின் லேசான கசப்பு, சீஸின் புளிப்பு, பீனட் பட்டரின் உப்பு மூன்றும் சேரும்போது சர்க்கரை பின்னுக்குப் போய்விடும்.

பீனட் பட்டரில் ஒரே ஒரு எச்சரிக்கை. கடலையும் உப்பும் மட்டும் என்று வரும், மேலே எண்ணெய் மிதக்கும் வகை ரொட்டிக்கு அருமை, இதற்கு வேண்டாம். அடுக்கில் வைத்தால் எண்ணெய் பிரிந்து பிஸ்கட்டில் இறங்கி அடி பிசுபிசுத்துப் போகும். எண்ணெய் பிரியாமல் கட்டிப்போட்ட சாதாரண வகையே சரி. அமெரிக்காவில் பீனட் பட்டர் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் 90 சதவீதமாவது கடலை இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அந்த வகையிலும் கடலைக்குக் குறைவில்லை. கடலைத் துண்டு கலந்த வகையும் வேண்டாம், வறுத்த கடலையை ஒன்றிரண்டாக உடைத்துக் கடைசியில் மேலே தூவிக்கொள்ளலாம்.

மேலே சாக்லேட்டை வெறுமனே உருக்கி ஊற்றாதீர்கள், ஃப்ரிட்ஜில் பலகை மாதிரி இறுகி, வெட்டும்போது உடைந்து கீழே உள்ள கலவையைப் பிதுக்கிவிடும். சூடான க்ரீமும் சாக்லேட்டும் எடைக்கு எடை கலந்து ஆறவிட்டு ஊற்றினால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஊரில் செய்பவர்களுக்கு: இன்ஸ்டன்ட் புட்டிங் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கஸ்டர்ட் பவுடர் வாங்கினால் அது சோளமாவு, காய்ச்சித்தான் ஆக வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு வழக்கமாகப் போடுவதைவிட ஒன்றிரண்டு கரண்டி கூடப் போட்டு, கெட்டியாகக் காய்ச்சி, ஆடை படியாமல் க்ளிங் ரேப்பைக் கஸ்டர்ட் மேலேயே படும்படி மூடி ஆறவைக்கலாம். ஆனால் இதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீர் விட்டுவிடும். க்ரீம் சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி தொங்கவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் சென்னை வெயிலுக்குப் புளித்துப் போகும். சீஸ் அளவுக்கு இறுகாது, புளிப்பு கிடைத்துவிடும், நமக்கு வேண்டியது அதுதானே. 25 சதவீதக் கொழுப்புள்ள சின்னப் பெட்டி ஃப்ரெஷ் க்ரீம் அடித்தால் உப்பாது, விப்பிங் க்ரீம் என்று கேட்டு வாங்குங்கள். மாரி பிஸ்கட் கிரஹாமுக்குப் பதிலாக அப்படியே பொருந்தும். மேலே தூவக் கோவில்பட்டி கடலை மிட்டாயை உடைத்துப் போடுங்கள், மற்ற அலங்காரமெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் வெல்லப்பாகு ஈரத்தில் கசிந்து மொறுமொறுப்பு போய்விடும்.

ஆக, இருபது குழந்தைகள் வரும் பிறந்தநாள், கையில் அரை மணி நேரம்தான் என்றால் புட்டிங் வழி. வீட்டுக்கு விருந்தாளி, முந்தின நாளே செய்து வைக்கலாம் என்றால் க்ரீம் சீஸ், அதை ஃப்ரீசரிலும் வைக்கலாம், பாதி உறைந்த நிலையில் வெட்டினால் ஐஸ்க்ரீம் கேக் மாதிரியே இருக்கும். வெளியே எடுத்துப் போனால் எந்த வழியானாலும் 2 மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம், அதற்கு மேல் பால் பொருளை வைத்திருக்காதீர்கள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பொட்லக் விருந்தில் மேஜையில் வைப்பதாக இருந்தால் வேர்க்கடலை சேர்த்தது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள், ஒவ்வாமை உள்ள குழந்தை யார் என்று நமக்குத் தெரியாது. மூடியில் ஒட்டாதீர்கள், முதலில் எடுப்பவர் மூடியைக் கழற்றி எங்காவது வைத்துவிடுவார். தட்டின் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.