லோகோவுக்குக் கருத்து: வாட்ஸ்அப்பா, கொடை மேடையா?

ஆம்ப், மைக் விற்கும் சிறு கடையின் லோகோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உடனே "சூப்பர்" குவியும். நிறம் பிடித்ததா என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தேறாது.

கொடை மேடைக்கு, அதாவது தென் மாவட்டக் கோயில் திருவிழா மேடைக்கு, கொஞ்சம் செலவாகும், ஆனால் குறை அங்கேதான் தெரியும். 3 செ.மீ. ஸ்டிக்கரை மைக் பெட்டியிலும் 20 செ.மீ. ஸ்டிக்கரை ஸ்பீக்கரிலும் ஒட்டி, வில்லுப்பாட்டு நடக்கும் சுடலைமாடன் கொடைக்கு அனுப்புங்கள். பச்சை விளக்கில் கறுப்புப் பெட்டி மேலுள்ள சிவப்பு எழுத்து மறைந்துவிடும். சின்ன அளவில் 'ழ'வின் சுழி மை அடைத்துத் திட்டாகியிருக்கும். குடம் அடிப்பவரிடம் "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள். பத்தடி தள்ளி நிறுத்தி, "அண்ணாச்சி, இதுல என்ன எழுதிருக்கு, வாசிங்க" என்று கேளுங்கள். தடுமாறினால் எழுத்தின் நிறத்தை மாற்றுங்கள், சுழியை அகலமாக்குங்கள்.

இதே சாயலில் வேறு கடைக்கு லோகோ உண்டா என்பதை மட்டும் குழுவில் கேட்கலாம்.