புரோட்டினேஸ் கே: வேலை முடிந்தும் அடங்காத என்சைம்

தரமணியில் சின்னதாக ஒரு லேப் தொடங்கியிருக்கும் நண்பன் கேட்டான்: "புரோட்டினேஸ் கே வாங்கணும்டா, பவுடரா லிக்விடா?" புரதங்களை வெட்டிச் செரிக்கும் என்சைம் அது; டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் வேலைக்குத் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் அடிக்க ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

லிக்விட் வாங்கு. கிளிசரால் கலந்து வருவது மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது. வேண்டியதை எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம். பவுடர் மலிவுதான். மில்லிக்கு 20 மில்லிகிராம் கணக்கில் கரைத்து, சின்னச் சின்ன டியூபில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் மே மாதத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற தெருவில் லேப் இருந்தால், உறைவதும் உருகுவதுமாக அதன் வீரியம் இறங்கிக்கொண்டே போகும்.

எங்கள் வேலை பெரும்பாலும் மீன். காசிமேட்டிலிருந்து வரும் துண்டு உண்மையிலேயே வஞ்சிரம்தானா என்று டிஎன்ஏவை வைத்துச் சொல்ல வேண்டும். துடுப்பில் துளி நறுக்கி, எஸ்டிஎஸ்ஸும் (சோப்பு போன்ற பொருள்) இடிடிஏவும் (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) கலந்த பஃபர் கரைசலில் போட்டு, இந்த என்சைமைச் சேர்த்து 56 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் வந்து பார்த்தால் சதை இருந்த சுவடே இருக்காது. எத்தனை வருடமானாலும் இது எனக்கு அலுக்கவில்லை. எஸ்டிஎஸ் பட்டால் பல என்சைம்கள் சுருண்டுவிடும். இதற்கோ அது உதவிதான்: புரதங்களை அது பிரித்துப் போடப் போட, இது இன்னும் வேகமாக வெட்டுகிறது. இந்த என்சைமோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தை இடிடிஏ பிடுங்கினால் அதன் நிலைத்தன்மையும் வேகமும் நன்றாகவே குறையும். மிச்சமிருப்பதே நமக்குப் போதும். டிஎன்ஏவைச் சிதைக்கக் காத்திருக்கும் நியூக்ளியேஸ்களையும் அதே சூட்டில் தின்றுவிடுகிறது. 1974இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தபோதே, முடியில் இருக்கும் கெரட்டினையும் செரிக்கும் என்று கண்டிருந்தார்கள். மாடுகளுக்கு வரும் 'மேட் கவ்' நோய்க்குக் காரணமான பிரியான் என்ற புரதம் மட்டும் இதற்கு முழுதாக மசிவதில்லை; அந்தப் பிடிவாதத்தை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இது சாகாது. பந்தி முடிந்து இலை எடுக்கிற வேளையிலும் எழாத ஆளைப்போல. 95 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் செயலிழந்துவிடும் என்று எல்லாச் செய்முறைக் குறிப்பிலும் எழுதியிருக்கும். பெரும்பகுதி செயலிழக்கும், உண்மைதான். தப்பிப் பிழைக்கிற கொஞ்சம், அடுத்து பிசிஆருக்கு (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) போடும் டாக் பாலிமரேஸ் என்ற என்சைமையே கடித்துத் தின்னும். பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் பேண்ட் (கோடு) ஜெல்லில் வராது. அதுவும் தினமும் நடந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பளிச்சென்று வரும், மறுநாள் ஒன்றும் இருக்காது. லேபில் இருக்கும் பிள்ளைகள் பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) திட்டிக்கொண்டிருப்பார்கள்.

டிஎன்ஏவை மட்டும் பிடித்துவைக்கும் காலம் (column) என்ற வடிகட்டிக் குழாய் வைத்துச் சுத்தம் செய்தாலோ, புரதங்களைப் பிரித்து நீக்கும் ஃபீனால் குளோரோஃபார்ம் போட்டாலோ இந்தத் தொல்லை இல்லை. கரைத்ததை அப்படியே பிசிஆரில் ஊற்றி நேரத்தையும் காசையும் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்பவர்களுக்குத்தான் வம்பு. இந்த என்சைமைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அடங்கும். ஆனால் அது நச்சு, தண்ணீரில் சீக்கிரம் சிதைந்தும் போகும். 55 டிகிரியில் பத்து நிமிடத்தில் செயலிழக்கிற மாற்று வகையும் இப்போது கிடைக்கிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது. அப்புறம், இரவெல்லாம் 56 டிகிரியில் துடுப்பைக் கரைக்கிற நம் வேலைக்கு அது எப்படி ஆகும்?

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. நேற்றைய ஜெல்லைப் பார்த்த பிறகு அதற்குமேல் கொடுக்க மனசு வரவில்லை. நீ லிக்விடையே வாங்கு, கூடவே சுத்தம் செய்யும் அந்தக் காலம் குழாயும் வாங்கிக்கொள். ஆர்டர் போடும்போது எனக்கும் ஒரு பாட்டில் சேர்த்துச் சொல்லிவிடு. ஐஸ் பெட்டியில் அனுப்பும் கூரியர் செலவைப் பாதி பாதி போட்டுக்கொள்ளலாம்.