அப்பாவை எங்கே வைத்துக்கொள்வது: முறை, சென்னை ஃபிளாட், ஊர் வீடு, இல்லம்

காவிரி டெல்டாக்காரர்களுக்கு வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது பழகிய ஏற்பாடு. டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்த பெற்றோருக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறார்கள்: மூன்று மாதம் பெரியவன் வீடு, மூன்று மாதம் சின்னவன் வீடு, பிறகு மகள் வீடு. சண்டை வராது, யாருக்கும் பாரம் இல்லை என்று தோன்றும். இருக்கிற நாலு வழிகளில் மோசமானது இதுதான்.

இந்த நோயில் பெரும்பாலும் முதலில் கழன்றுபோவது புதியதைப் பதிய வைக்கும் திறன். புது வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று பிடிபடவே வாரக்கணக்கில் ஆகும். சிலருக்குக் கடைசிவரை பிடிபடாது. கொஞ்சம் பழகிய நேரத்தில் பெட்டியைக் கட்டினால், அடுத்த வீட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ராத்திரி எழுந்து வழி தெரியாமல் மூலையில் சிறுநீர் கழித்தால் ‘நோய் முற்றிவிட்டது’ என்கிறார்கள். காரணம் நோய் முற்றியதாக இருக்கவேண்டியதில்லை. வீடு மாறியதாகவும் இருக்கலாம்.

மற்ற மூன்றை ஒப்பிடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நாலு நாள் மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைவு, புதிதாக ஆரம்பித்த ஒரு மாத்திரை, சில வாரங்களுக்கு முன் தலையில் பட்ட அடி, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். சரிசெய்தால் ஆள் பெரும்பாலும் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். ‘இனி முடியாது, இல்லத்தில் சேர்த்துடலாம்’ என்ற பேச்சு பெரும்பாலும் இப்படியொரு வாரத்தில்தான் கிளம்புகிறது.

சென்னை ஃபிளாட்டுக்கு உள்ள பலம் மருத்துவம். நரம்பியல் நிபுணர், ஸ்கேன், மறதிநோய்க்கென்றே இயங்கும் கிளினிக் எல்லாம் கைக்கெட்டும். ஆனால் நோயைக் கண்டுபிடித்து மருந்து முடிவாகும்வரை சில நடை போய்வந்தால் போதும், அதற்காகக் குடியேற வேண்டியதில்லை. தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை ரத்தப் பரிசோதனைகளைக் கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ எடுக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியலும் உண்டு, மனநலமும் உண்டு. ஃபிளாட்டின் பலவீனம் பகல் பொழுது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். பளபளக்கும் தரை ஈரம்போலத் தெரிய, காலை வைக்கத் தயங்குவார். திண்ணை இல்லை, ‘என்ன மாமா, காப்பி ஆச்சா?’ என்று கேட்டுவிட்டுப் போக ஆளும் இல்லை. பகலெல்லாம் நாற்காலியில் தூங்கியவர் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார். அதற்குத் தூக்க மாத்திரை. மாத்திரை மயக்கத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. இந்தத் தொடரைப் பலரும் தனித்தனிச் சம்பவங்களாகப் பார்க்கிறார்கள்.

ஊர் வீட்டில் ஆள் போட்டுப் பார்ப்பதே ஆரம்பத்திலும் நடுக்கட்டத்திலும் நல்லது. கை கால் தானாக வழி கண்டுபிடிக்கும் இடம் அது. உதாரணமாக விடிகாலை நாலரைக்கு எழுந்து ‘மடையைப் பார்த்துட்டு வரேன்’ என்று துண்டை உதறித் தோளில் போடுவார். ‘நிலத்தை வித்து பத்து வருஷம் ஆச்சு’ என்று சொன்னால் அன்றைய பொழுது போச்சு. ‘இருங்க மாமா, காப்பி குடிச்சிட்டுப் போங்க, நானும் வரேன்’ என்று மருமகள் சொல்லி, தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினால், மடை பார்த்தாகிவிட்டது.

ஆனால் அந்த வீட்டைத் திருத்தாமல் ஆளை மட்டும் போடக் கூடாது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், சில நாளில் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் நிறைந்துவிடும். கோடையில் அந்தப் பக்கம் போய் வந்தவர், அதே பழக்கத்தில் ஆடியிலும் போவார். கொல்லைக் கதவின் மேல் தாழ் அவருக்குத் தெரிந்த தாழ். முழங்கால் உயரத்தில் இன்னொன்று போடுங்கள். கதவில் மாட்டுமணி ஒன்றைக் கட்டினால் போதும், சென்சார் வேண்டாம். அவர் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டிவிட்டு யாரும் போகக் கூடாது. கிணற்றுக்குக் கம்பி வலை மூடி. முற்றத்துப் படி விளிம்பில் இரண்டு அங்குல மஞ்சள் பெயிண்ட் பட்டை. கழிவறை கொல்லையில் இருந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலியும் விடிய விடிய எரியும் சின்ன பல்பும். சாப்பாட்டில் நம் பக்கத்துக்கு ஒரு வசதி: எவர்சில்வர் தட்டின் பளபளப்பில் வெள்ளைச் சோறு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது, வாழை இலையில் பளிச்சென்று தெரியும். சாப்பிட மறுக்கிறார் என்பவர்கள் முதலில் இலையைப் போட்டுப் பாருங்கள்.

இனி ஆள் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். 12 மணி நேர ஆள் ஆறு நாள் வந்தால் 72. மீதி 96 மணி நேரம் யார் தலையில் என்று எழுதிவைக்காத குடும்பத்தில் அது மருமகள் தலையில்தான் விழும். ‘24 மணி நேர ஆள்’ என்று ஒருவரையே போட்டால், ராத்திரி அவரும் தூங்கத்தான் வேண்டும். தூங்க விடாவிட்டால் இரண்டு மாதத்தில் போய்விடுவார், அல்லது மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார். ஆர்ப்பாட்டத்தை அடக்க எழுதும் ரிஸ்பெரிடோன், குவிட்டியாபின் போன்ற மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாதம், மரணம் இரண்டின் ஆபத்தையும் கூட்டுபவை. டாக்டர் எழுதிய அளவு, எழுதிய காலம், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. மறதிநோய்க்கான டோனெபெசில் மாத்திரையை ராத்திரி போட்டுக் கெட்ட கனவு வந்தால், டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றலாம். இதையெல்லாம் பிடிக்க நாற்பது பக்க நோட்டு போதும்: தூங்கிய நேரம், மலம், சிறுநீர், சாப்பாடு, மாத்திரை. ஆள் மாறினாலும் நோட்டு மாறாது.

இடையில் பணம். பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: எழுதிக் கொடுத்தவருக்குச் சுயபுத்தி போனால் சாதாரண பவரும் செல்லாது. கூட்டுக் கணக்கு, உயில் எல்லாம் ஆரம்பத்திலேயே.

இல்லம் கடைசிக் கட்டத்துக்கு. ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டு, வீட்டில் ஒருவர்தான் இருந்தால் யோசிக்கலாம், தப்பில்லை. நாட்டில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023இல் வெளியான மதிப்பீடு. இந்த நோய்க்கென்றே உள்ள இல்லங்களோ மிகக் குறைவு. சாதாரண முதியோர் இல்லங்களில் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்பவரைத்தான் சேர்க்கும். மறைத்துச் சேர்த்தால் ஒரு மாதத்தில் திருப்பி அனுப்புவார்கள், அது இன்னொரு இடமாற்றம்.

பார்க்கப் போவதானால் காலை பதினோரு மணிக்கு வேண்டாம், அப்போது எல்லா இல்லமும் நன்றாக இருக்கும். சாயங்காலம் ஆறரைக்குப் போங்கள்: பொழுது சாயும்போது நோயாளிகளின் தடுமாற்றம் கூடும், பார்த்துக்கொள்ளும் ஆள் குறையும். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, சாய்த்துப் போட்டு ஊற்றுகிறார்களா? படுத்தபடி ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவில் முடியலாம். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவதை எங்கே எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். சேர்த்தபின் போகும்போதெல்லாம் போர்வையை விலக்கி, குதிகாலையும் இடுப்புக்குக் கீழ் முதுகையும் பாருங்கள். சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, அன்றைக்கே பேசவேண்டும்.

கொண்டுபோய் விடும் நாளில் மதியத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள். அவர் தலையணையையும் பழைய போர்வையையும், பழகிய வாசனை போகாதபடி, துவைக்காமல் எடுத்துப் போங்கள்.