கர்ப்பிணி இறங்கும் வயலுக்கு எது: குளோர்பைரிபாஸா, வேப்பங்கொட்டைக் கரைசலா?

காவிரிப் படுகையில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். நெல்லை இலைச்சுருட்டுப்புழு தாக்கினால் குளோர்பைரிபாஸ் என்ற ரசாயனப் பூச்சிக்கொல்லி அதை வேகமாகக் கொல்லும். ஆனால் இந்த மருந்து நரம்பைத் தாக்கும். நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் எட்டும். தொப்புள்கொடி இரத்தத்தில் இது கூடுதலாக இருந்த குழந்தைகளுக்கு 7 வயதில் நினைவாற்றலும் நுண்ணறிவும் குறைந்திருந்ததாக 2011-இல் வெளியான நியூயார்க் ஆய்வு காட்டியது. தெளித்தவரின் சட்டையைத் துவைப்பவளும் கர்ப்பிணியாக இருக்கலாம். இதை யாரும் நினைப்பதே இல்லை!

5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, மாலையில் தெளிக்க வேண்டும். மெதுவாகத்தான் வேலை செய்யும். மழை பெய்தால் மறுபடியும் உழைப்பு. இருந்தும் என் தேர்வு இதுதான்.

மருந்து அடித்த வயலில் கர்ப்பிணியை இறக்கக் கூடாது; கூலி குறையாமல் மாற்று வேலை தருவது வயல்காரரின் பொறுப்பு.