பேக்லிங்க் எண்ணிக்கை திடீரென எகிறினால்: சர்ச் கன்சோலா, கட்டணக் கருவியா?

நான் பார்த்துக்கொள்ளும் சிறு தொழில் தளம் ஒன்றில் மொத்தமே கொஞ்சம் பக்கங்கள்தான். அதற்கு ஆயிரக்கணக்கில் பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து வரும் லிங்க், இருப்பதாக ஒரு கருவி காட்டியது. இன்னொன்றோ சில நூறுதான் என்றது. இரண்டு வழியிலும் தோண்டிப் பார்த்தபின், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலையே முதன்மையாக வைத்துக்கொண்டேன். அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் மாதிரியான கட்டணக் கருவிகள் எனக்குத் துணைக்குத்தான்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். சர்ச் கன்சோல் இலவசம், மற்றவற்றின் முழு வசதிக்கு மாதச் சந்தா. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் க்ராலர் (வலைப்பக்கங்களைச் சுற்றிவந்து படிக்கும் நிரல்) பார்த்ததைத்தான் எண்ணுகிறது, கூகுளும் தனக்குத் தெரிந்த எல்லா லிங்க்கையும் காட்டுவதில்லை. போட்டியாளரின் தளத்தை வேவு பார்க்க சர்ச் கன்சோல் உதவாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு. எண் ஏன் வீங்கியது, அதனால் தளத்துக்கு ஆபத்து உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை தேட முடிகிறதா என்பதுதான் அது. லிங்க்ஸ் அறிக்கையில் 'டாப் லிங்கிங் சைட்ஸ்' பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு டொமைனுக்கும் நேராக இரண்டு எண்கள் இருக்கும்: அந்தத் தளத்தில் எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, நம்முடைய எத்தனை பக்கங்களுக்குக் கொடுக்கின்றன. உதாரணமாக 4,800, 1 என்று இருந்தால், பெரும்பாலும் யாரோ தங்கள் தளத்தின் ஃபுட்டரிலோ சைடுபாரிலோ நம் முகவரியைப் போட்டிருக்கிறார்கள், அது எல்லாப் பக்கத்திலும் வருகிறது என்று அர்த்தம். ஒரே சாட்சி ஒரே வாக்குமூலத்தை 4,800 தடவை சொன்ன கதை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது எண் பெரிதாக இருந்தால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'டாப் லிங்க்டு பேஜஸ்' பட்டியலில் நாம் உருவாக்கவே உருவாக்காத முகவரிகள், அதுவும் சூதாட்டம், மருந்து என்ற வாசனையோடு, தென்பட்டால் பிரச்சினை வெளியே இல்லை. தளத்துக்குள் யாரோ புகுந்து ஸ்பேம் பக்கங்களை நட்டுவிட்டு, அவற்றுக்கு லிங்க் அனுப்பிக்கொண்டிருக்கலாம். லிங்க் வாசகங்களின் பட்டியலும் இதையே காட்டிக்கொடுக்கும். கட்டணக் கருவியிலும் இந்த முகவரிகள் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைக் கூகுள் இண்டெக்ஸ் செய்ததா (தேடல் பட்டியலில் சேர்த்ததா), செக்யூரிட்டி இஷ்யூஸ் பகுதியில் எச்சரிக்கை உண்டா, கூகுள் ஊழியர் ஆய்ந்து விதிக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் விழுந்திருக்கிறதா என்பதைச் சர்ச் கன்சோலில் அடுத்தடுத்த க்ளிக்கில் பார்த்துவிடலாம். தேடலில் தண்டிக்கப்போவது கூகுள் என்றால், அதனிடமே கேட்பதுதானே முறை?

ஒரு எச்சரிக்கை: சர்ச் கன்சோலில் வெறும் ஒரு யூஆர்எல் முன்னொட்டை, அதாவது முகவரியின் ஒரே வடிவத்தை மட்டும் பதிந்திருந்தால் படம் பாதிதான். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளதும் இல்லாததும், ஹெச்டிடிபியும் ஹெச்டிடிபிஎஸ்ஸும் ஒன்றாக வர, முழு டொமைனையும் உள்ளடக்கும் டொமைன் ப்ராப்பர்ட்டியாகச் சேருங்கள்.

சரி, கட்டணக் கருவி எங்கே ஜெயிக்கிறது? தேதியில். ஒரு லிங்க்கை முதலில் எப்போது கண்டது, எப்போது காணாமல் போனது என்று அஹ்ரெஃப்ஸ் காட்டும். சர்ச் கன்சோலிலிருந்து பதிவிறக்கும் பட்டியலில் கிடைப்பது கடைசியாக க்ரால் செய்த தேதி. லிங்க் பிறந்த தேதி அல்ல. நோஃபாலோவையும் (தேடல் மதிப்பைக் கடத்த வேண்டாம் என்ற குறி போட்ட லிங்க்) அது பிரித்துக் காட்டாது. எகிறல் எந்த வாரம் ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமானால், சொந்தத் தளத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் அஹ்ரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸே எனக்குப் போதுமாக இருக்கிறது.

லிங்க் எவ்வளவு தீங்கானது என்று சில கட்டணக் கருவிகள் போடும் 'டாக்சிக்' மதிப்பெண்ணை மட்டும் நான் கண்டுகொள்வதில்லை. அது கருவி போட்ட கணக்கு, கூகுளின் தீர்ப்பு அல்ல. 2016-இல் வந்த பெங்குவின் 4.0 என்ற தேடல் அல்காரிதம் புதுப்பிப்புக்குப் பிறகு, கூகுள் ஸ்பேம் லிங்க்குகளைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்த மதிப்பெண்ணின் சிவப்பு நிறத்தைப் பார்த்துப் பதறி, 'இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்ல 2012-இல் வந்த டிஸ்அவோ கருவியில் பட்டியலைக் கொட்டினால் நல்ல லிங்க்கும் சேர்ந்து போகும். பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை என்று கூகுளே சொல்கிறது.

மேனுவல் ஆக்‌ஷன் வாங்கிய தளத்தை நான் கையாண்டதில்லை. முன்பு யாரோ காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தேடிக் களைய வேண்டிய நிலை வந்தால், சர்ச் கன்சோல், கட்டணக் கருவி இரண்டின் பட்டியலையும் சேர்த்து ஒப்பிட ஒரு மாதச் சந்தா கட்டுவது நியாயம்தான் என்று தோன்றுகிறது.