எம்ஜிபி ஜிடிக்கு மாற்று இன்ஜின்: ரோவர் 3.5 லிட்டர் வி8 பற்றிய மதிப்புரை

ரேடியேட்டரில் உறைதடுப்புத் திரவம் ஊற்றாமல் வெறும் தண்ணீரோடு ஒரு காரைப் பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்தால், தண்ணீர் உறைந்து விரியும்போது இன்ஜினின் உடலான வார்ப்பிரும்பு பிளாக் தாங்காது. நண்பரும் நானும் இங்கிலாந்தில் வாங்கிய, எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான 1977ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடிக்கு நேர்ந்தது அதுதான். பாடியில் துரு குறைவு, கதவுகள் பிசகாமல் மூடின, தரைத் தகடும் திடமாக இருந்தது. இன்ஜினை இறக்கிக் கழுவிய பிறகுதான் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு மேல் ஓடிய விரிசல் கண்ணில் பட்டது. அப்படிப்பட்ட விரிசலைத் தைத்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு என்றாலும், மற்ற பாகங்களும் தேய்ந்திருந்ததால் வேறு இன்ஜின் தேடுவதே சரி என்று முடிவு செய்தோம். கடைசியில் நாங்கள் ஏற்றியது ரோவர் நிறுவனத்தின் 3,528 சிசி அலுமினிய வி8, அதாவது எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த இன்ஜின். அதை ஏன் தேர்ந்தோம், அது எங்கே சோதித்தது, எவருக்கு அது பொருந்தாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தது, காரோடு பிறந்த 1,798 சிசி பி-சீரிஸ் இன்ஜினையே இன்னொன்று வாங்கிப் போடுவதுதான். அம்பாசடர் ஓட்டிய குடும்பங்களுக்கு இந்த இன்ஜின் அந்நியமானதல்ல. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி-சீரிஸ் வம்சம்தான். 1962இல் எம்ஜிபி வந்தபோது, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு மூன்று மெயின் பேரிங்குகளில் சுழன்றது. 1964இன் பிற்பகுதியிலிருந்து ஐந்தாயிற்று. அந்த ஐந்து பேரிங் பிளாக் நன்றாகப் பராமரித்தால் எளிதில் கெடாது, உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன, ரிப்பேருக்கும் சாதாரணக் கருவிகளே போதும். சிலிண்டர் துளையான ‘போரை’ப் பெரிதாக்கி 1,950 சிசி வரை கொண்டுபோகவும் வழி இருக்கிறது. கூரை இல்லாத ரோட்ஸ்டர் வைத்திருப்பவர், கிராமச் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவர், காரின் அசல் தன்மையை மதிப்பவர் என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் தேவை வேறாக இருந்தது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போக வேண்டும் என்பதற்காகவே மூடிய கூரையுள்ள ஜிடியை வாங்கினோம். அந்த வேகத்தில் பி-சீரிஸ் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். மேட்டில் முந்துவதற்கு கியரைக் குறைத்தே ஆக வேண்டும்.

பெரிய இன்ஜின் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் எம்ஜிசி காரின் கதையை ஒருமுறை படிப்பது நல்லது. 1967இல் எம்ஜிபியின் உடலில் 2,912 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினை ஏற்றி எம்ஜி நிறுவனமே விற்றது. குதிரைத்திறன் 95இலிருந்து 145 ஆயிற்று; ஆனால் அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் பழையதைவிட ஏறக்குறைய 95 கிலோ கூடுதல் எடை கொண்டிருந்ததால் முன்பக்கம் பாரமாகி, வளைவுகளில் கார் திரும்ப மறுத்தது. இரண்டே ஆண்டுகளில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இந்தக் காரில் முன்சக்கரங்களின் மேல் எவ்வளவு எடையை வைக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி, குதிரைத்திறன் அதற்குப் பிறகுதான் என்ற பாடத்தை நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

ரோவர் வி8 அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 1961இல் தன் சிறிய கார்களுக்காகச் செய்த 215 கன அங்குல இன்ஜின் இது. பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். ப்யூக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட, 1965இல் ரோவர் உரிமையை வாங்கி, 1967இல் தன் பி5பி காரில் பொருத்தியது. எட்டு சிலிண்டர் இருந்தும், எம்ஜிபியின் நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜினைவிட இது ஏறக்குறைய 18 கிலோ எடை குறைவு என்பதை முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். கென் காஸ்டெல்லோ என்பவர் தம் பட்டறையில் இதை எம்ஜிபியில் ஏற்றி விற்றுக் காட்டிய பிறகு, 1973இல் எம்ஜி நிறுவனமே ஜிடி வி8 என்ற மாடலைக் கொண்டுவந்தது. அது வந்த சில வாரங்களில் எண்ணெய் நெருக்கடி மூண்டதும் பெரிய இன்ஜின்களுக்கு ஆதரவு குறைந்தது. 1976இல் நிறுத்தப்படும்வரை 2,591 கார்கள்தாம் செய்யப்பட்டன. ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. 1974இன் இறுதியில் ரப்பர் பம்பரோடு வந்த எம்ஜிபிகளின் இன்ஜின் அறையை, நான்கு சிலிண்டர் காராக இருந்தாலும், வி8 உட்காரும் அளவுக்கே வடிவமைத்திருந்தார்கள். எங்கள் 1977 காரில் ரேடியேட்டர் ஏற்கெனவே முன்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டு மின்விசிறியும் இருந்தது. வெட்டி ஒட்ட வேண்டிய தகரவேலை மிகக் குறைவு.

மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.8 லிட்டர் இன்ஜினை அதன் கியர்பாக்ஸோடு சேர்த்து ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். அது நம்பகமானது, எரிபொருளும் மிச்சம். ஆனால் வயரிங், கணினிப் பெட்டி, எரிபொருள் பம்ப் என்று காரின் பாதியை மாற்ற வேண்டியிருக்கும், காரின் குரலும் மாறிவிடும். ரோவர் கே-சீரிஸ் இன்ஜின் எடையில் மிகக் குறைவு என்றாலும் அதன் ஹெட் கேஸ்கட் தொல்லை ஊரறிந்தது. இவ்விரண்டையும் நாங்கள் அதிக நாள் பரிசீலிக்கவில்லை.

வி8 என்று தீர்மானித்த பிறகு எந்த அளவு என்ற கேள்வி வந்தது. பிற்கால ரேஞ்ச் ரோவர்களிலிருந்து கழற்றிய 3.9, 4.0, 4.6 லிட்டர் இன்ஜின்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் 4.6ஐ விடக் கூடாது என்றே தோன்றும். நான் அதற்கு எதிராகவே சொல்வேன். 3.5 லிட்டரில் சிலிண்டரின் விட்டம் 88.9 மில்லிமீட்டர், பெரிய இன்ஜின்களில் 94. பிளாக்கின் வெளி அளவைப் பெரிதாக்காமலே துளையை அகலப்படுத்தியதால், சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் என்ற இரும்புக் குழலுக்குப் பின்னால் உள்ள அலுமினியச் சுவர் மெலிந்துவிட்டது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அந்தச் சுவரில் விரிசல் விழுந்து, சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும், லைனரும் இடம்பெயர்ந்து தட்டத் தொடங்கும். விளிம்புள்ள புது லைனர்களைப் பொருத்தி இதைச் சரிசெய்யலாம், ஆனால் செலவு கையைக் கடிக்கும். மேலும் எம்ஜிபியின் பிரேக்கும் பின் ஆக்ஸிலும் 4.6இன் இழுவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 3.5 லிட்டர் தரும் இழுவையே இந்த உடலுக்குத் தாராளம்: தொழிற்சாலை ஜிடி வி8 வெறும் 137 குதிரைத்திறனில், நிமிடத்துக்கு 2,900 சுற்றிலேயே 193 பவுண்டு-அடி முறுக்குவிசை தந்தது. நான்கு சிலிண்டர் காரில் அது 110தான்.

3.5 லிட்டரிலும், 1976இல் வந்த ரோவர் எஸ்டி1 காரின் இன்ஜினே என் முதல் தேர்வு. வால்வுகள் பெரியவை, ஹெட் மேம்பட்டது, 155 குதிரைத்திறன். எஸ்டி1 பற்றிச் சொல்லும்போது சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே எஸ்டி1இன் உடலை 1985இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் அங்கே ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் தயாரித்தபோது, உள்ளே வைத்தது பழைய வான்கார்டு காலத்து 1,991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். அந்த அழகான உடலை இழுக்க அதற்குத் திராணி போதவில்லை. சில ஆண்டுகளில் காரும் நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. உடலுக்கு ஏற்ற இன்ஜின் அமையாமல் போனதற்கு இவ்வளவு வருத்தமான உதாரணம் எனக்கு வேறு தெரியாது.

நாங்கள் வாங்கிய எஸ்டி1 இன்ஜினை, ‘ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், அப்படியே ஏற்றலாம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இன்ஜினின் தலைமேல் உள்ள ராக்கர் மூடியைக் கழற்றியதும் அந்தச் சொல்லின் மதிப்பு தெரிந்துவிட்டது. ஆயிலை மாற்றாமலே ஓட்டியதால் ராக்கர் ஷாஃப்டின் அடியில் தார் போன்ற கறுப்புக் கசடு கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டை எடுத்து, வால்வுகளைத் திறக்க உதவும் லிஃப்டர்களை ஒவ்வொன்றாக இழுத்து, அடிப்பக்கத்தில் இரும்பு ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். நல்ல லிஃப்டரின் அடிப்பக்கம் மயிரிழை அளவு மேடாக இருக்கும், ஸ்கேல் நடுவில் தொட்டு ஓரங்களில் வெளிச்சம் தெரியும். இதில் பதினாறில் பதினொன்று குழிந்து, நடுவிலேயே வெளிச்சம் தெரிந்தது. லிஃப்டர்களை உயர்த்தும் கேம்ஷாஃப்டின் மூக்குகளும் அதற்கேற்ப மழுங்கியிருந்தன. இந்த இன்ஜினின் பெரிய பலவீனம் கேம்ஷாஃப்ட்தான் என்பது பலரும் எழுதியது. ஆனாலும் வாங்குவதற்கு முன்பே ராக்கர் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வாங்கப் போனால், மூடியைக் கழற்ற மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஆக, புது கேம்ஷாஃப்ட், பதினாறு லிஃப்டர்கள், டைமிங் செயின், பேரிங்குகள், ரிங்குகள், கேஸ்கட்டுகள் எல்லாம் மாற்றினோம். இன்ஜினுக்குக் கொடுத்த விலையைவிட இவற்றுக்குச் செலவானதே அதிகம். பட்ஜெட் போடும்போது ‘ஓடும் இன்ஜின்’ என்ற கணக்கை மறந்துவிட்டு, முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டிய இன்ஜின் என்றே போடுவது பாதுகாப்பு. போர்கள் மட்டும் அளவுக்குள் இருந்ததால் லேத் பட்டறைச் செலவு மிச்சமாயிற்று.

ஏற்றும் வேலையில் இரண்டு இடங்கள் நேரத்தை விழுங்கின. ஒன்று, கார்புரேட்டர்களின் உயரம். எஸ்டி1 மேனிஃபோல்டை அப்படியே வைத்தால் போனட் மூடாது. காஸ்டெல்லோவின் முதல் கார்களில் போனட்டில் புடைப்பு வைத்தது இதனால்தான். எம்ஜி நிறுவனம் கார்புரேட்டர்களைப் பின்னுக்குத் தள்ளித் தாழ்த்தி வைத்து இதைத் தீர்த்தது. அதே வடிவிலான மேனிஃபோல்டைத் தேடி வாங்கினோம். போனட் தட்டையாகவே மூடுகிறது. இன்னொன்று, வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் இடையிலுள்ள சந்து. ஒரு விரலை நுழைத்தால் மறுவிரலுக்கு இடமில்லை. அவ்வளவு அருகில் அந்தச் சூடு இருந்தால் ஸ்டியரிங் இணைப்பின் கிரீஸ் உருகி வெளியேறிவிடும் என்பதால், மேனிஃபோல்டுக்கு வெப்பம் தடுக்கும் நாடா சுற்றி, நடுவில் ஒரு தகடும் வைத்தோம். கியர்பாக்ஸுக்கு எஸ்டி1இன் ஐந்து கியர் எல்டி77ஐயே எடுத்துக்கொண்டோம். கியர்பாக்ஸை மூடும் தரைச் சுரங்கத் தகட்டை ஓரிடத்தில் தட்டி இடம் செய்ய வேண்டியிருந்தது. பின் ஆக்ஸிலின் விகிதத்தை 3.9இலிருந்து தொழிற்சாலை வி8இன் 3.07க்கு மாற்றியது கட்டாயம் என்றே சொல்வேன். மாற்றாவிட்டால் முதல் கியர் ஒரு வண்டி நீளத்துக்குக்கூட உதவாது. முன் பிரேக்குகளுக்கும் வி8இன் தடித்த டிஸ்குகளும் அதற்குரிய காலிப்பர்களும் போட்டோம். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. இந்த இன்ஜினின் ஆயில் பம்ப் முன் மூடிக்குள், ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், பிரித்துக் கட்டிய பிறகு காய்ந்த நிலையில் ஆயிலை உறிஞ்சாது. பம்பின் பற்களுக்கிடையே வாஸலின் அடைத்து மூடி, டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக டிரில் மெஷினால் பம்பைச் சுற்ற வேண்டும். அரை நிமிடம் வெறுமனே சுற்றிய டிரில் திடீரென்று கையில் கனத்தது. அதே நொடியில் ஆயில் பிரஷர் முள் எழுந்தது. அந்தக் கனத்தை உணராமல் சாவியைத் திருப்பியிருந்தால் புது பேரிங்குகள் ஒரே நிமிடத்தில் போயிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் இருபது நிமிடம் 2,000 சுற்றுக்கு மேலேயே வைத்திருந்தோம்; புது கேமும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பழகுவதற்கு அது அவசியம். ஆயிலும் துத்தநாகம் அதிகமுள்ள பழைய வகையாக இருக்க வேண்டும்.

சட்ட வேலை சிறியதுதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. பிரிட்டனில் இன்ஜினை மாற்றினால் புது எண்ணையும் சிசியையும் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிய அளவில் மாற்றப்பட்ட காருக்கு அது கிடைக்காது. தொழிற்சாலையே அந்த மாடலுக்கு அளித்த மாற்று இன்ஜினைப் பெரிய மாற்றமாகக் கருதுவதில்லை என்பது ஜிடி வைத்திருப்பவருக்குச் சாதகமான வாதம். விலக்கு இருந்தாலும் நாங்கள் சோதனைக்கு அனுப்பினோம். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நமக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர் பார்ப்பது நல்லதுதானே.

ஓட்டிப் பார்த்ததில், இது வேகக் காராக மாறிவிட்டது என்பதைவிட, களைப்பில்லாத காராக மாறிவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஐந்தாவது கியரில் மணிக்கு எண்பது கிலோமீட்டரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தாலே மேடு கரைந்துவிடுகிறது. மூக்கு பாரமாகவில்லை, வளைவில் பழைய எம்ஜிபியைப் போலவே திரும்புகிறது. குறைகளும் உண்டு: நகர நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் மின்விசிறிகள் இரண்டும் ஓடத் தொடங்கி, இன்ஜின் சூடு கால்வைக்கும் இடம்வரை வருகிறது, பெட்ரோல் செலவு நான்கு சிலிண்டரைவிடக் கண்கூடாக அதிகம், பின்பக்க ஸ்பார்க் பிளக்குகளை மாற்றக் கை நுழைவதே பாடு.

எண்ணூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு முதல் ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரை அறுத்துத் தாள் மடிப்புகளை விரித்து வெயிலில் காட்டினோம். கேம் தேய்கிறதென்றால் மினுமினுக்கும் தூள் முதலில் அங்கேதான் தெரியும். கறுத்த ஆயிலைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை.